மஞ்சக்குட்டை ஜீப்பின் முன் சீட்டு

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் ஏற்காட்டிலிருந்து மஞ்சக்குட்டை போகிற சனத்தில் பாதிப் பேர், ஏழெட்டு மாதமாக, என்னை நல்ல டிரைவர் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள்.

ஓட்டியது என் மகள்.

நான் ஒரு காப்பி எஸ்டேட்டில் இருபத்திரண்டு வருடம் ரைட்டராக இருந்தவன். காலையில் ஆள் கணக்கு, மத்தியானம் களத்தில் மிளகு காய்வதைப் பார்ப்பது, சாயங்காலம் எடை. எஸ்டேட் கைமாறி, காப்பிச் செடிக்கு நடுவே தங்கும் விடுதிகள் முளைத்தபோது, புதிய முதலாளிக்கு ரைட்டர் தேவைப்படவில்லை. ஐம்பத்து நான்கு வயதில் வீட்டில் உட்கார்ந்தேன். ஊரில் எல்லோரும் இன்னும் ரைட்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். என் மனைவி அங்கன்வாடியில் வேலை செய்கிறாள். மகள் பி.காம். முடித்துவிட்டு ஏற்காட்டில் ஒரு ஓட்டலில் வரவேற்பறையில் இருந்தாள்.

ஒரு நாள் சாப்பிடும்போது அவள், "அப்பா, பேட்ஜ் வாங்கிட்டேன்" என்றாள். ஓட்டலில் சட்டையில் குத்திக்கொள்ளக் கொடுக்கும் பேட்ஜ் என்று நினைத்து, நல்லது கண்ணு என்றேன். ஆள் ஏற்றி வண்டி ஓட்ட அனுமதிக்கும் பேட்ஜ் அது என்பது இரண்டாவது தோசையில்தான் புரிந்தது. பழைய ஜீப் ஒன்றை அதற்குள் பார்த்தும் வைத்திருந்தாள். மனைவிக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா இந்த ஆறு மாசமும் நாங்க உங்களப் பாத்துக்கிட்டு இருந்திருக்கணும். அவ எப்ப வண்டி பழகறது?" என்றாள் மனைவி.

நான் பெண்களுக்கு எதிரானவன் அல்ல. ஆணும் பெண்ணும் சமம் என்று எஸ்டேட்டில் எத்தனையோ தடவை வாதாடியிருக்கிறேன். ஆனால் நான் நினைத்துப் பார்த்த சமத்துவம் எப்போதும் ஒரு மேடையில், மைக்குக்கு முன்னால், நல்ல வெளிச்சத்தில் நின்றுகொண்டிருந்தது. பனிமூட்டத்தில், கொண்டை ஊசி வளைவில், எதிரே மர லாரி வரும்போது அது என்ன செய்யும் என்று நான் யோசித்ததே இல்லை.

முதல் நாளே சிக்கல் வந்தது. அது வண்டியில் இல்லை, சீட்டில்.

எங்கள் மலையில் ஜீப்பில் ஏறுவதற்கு எழுதாத முறை ஒன்று உண்டு. டிரைவருக்குப் பக்கத்தில் இரண்டு பேர், வயதான ஆண்கள். பெண்கள் எல்லோரும் பின்னால், எதிரெதிர்ப் பலகைகளில். மிச்ச ஆண்கள் பின்படியில் தொங்குவார்கள். பெண்கள் முன்னால் உட்காராததற்குக் காரணம், டிரைவர் ஆண். இப்போது டிரைவர் பெண். அதனால் ஆண்கள் முன்னால் ஏறவில்லை. வயசுப் பெண்ணை இடித்துக்கொண்டு உட்காருவது மரியாதை இல்லை என்று பெரியவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். அப்படியானால் பெண்கள் ஏறலாமே என்று என் மகள் கூப்பிட்டாள்.

"அது ஆம்பளைங்க சீட்டுங்களே" என்றார்கள் பெண்கள்.

இரண்டு பக்கமும் மரியாதைதான். நடுவில் சீட்டு காலி. பின்னால் பதினாலு பேர், இரண்டு மூட்டை, ஒரு கிடா. கரடியூர்க்காரர் ஒருவர் மஞ்சக்குட்டையில் காதுகுத்துக்குக் கொண்டுபோகிற கிடா அது. முதல் ஏற்றத்திலேயே ஜீப் மூக்கைத் தூக்கியது. முன் சக்கரம் தரையைத் தொட்டும் தொடாமலும் போகிறது என்று சொல்லி மகள் வண்டியை ஓரம் கட்டினாள். முன்னால் பாரம் வேண்டும் என்றாள். மூட்டைகளுக்குள் முட்டை இருந்ததால் அவற்றைக் கிளப்பக் கூடாது என்று ஒரு அம்மாள் சொல்லிவிட்டார். மிச்சம் இருந்தது கிடா.

"ஆட்ட முன்னாடி ஏத்துங்க, சரியாப் போயிரும்" என்றார் படியில் தொங்கியவர்.

"ஏனுங்க, அது கெடாயிங்களே?" என்றார் முட்டைக்கார அம்மாள்.

"கெடான்னா?"

"வயசுப் புள்ள ஓட்டுது. பக்கத்துல கெடா உக்காரலாமுங்களா?"

கரடியூர்க்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. "எங்க கெடா அப்பிடிப்பட்டதில்லீங்க" என்றார்.

நான் அன்று பின்பலகையில் பயணியாக உட்கார்ந்திருந்தேன். இதையெல்லாம் ஒருவரும் சிரிக்காமல் பேசினார்கள் என்பதை இப்போதும் என்னால் நம்ப முடியவில்லை. நானும் சிரிக்கவில்லை. கிடாவின் வயது என்ன என்று நானே கேட்டேன். ஒன்றரை என்றார். கடைசியில் கிடாவை ஏற்றினார்கள். அது தலையை வெளியே நீட்டிக்கொண்டு மஞ்சக்குட்டை வரை போயிற்று.

தினமும் கிடா கிடைக்காது. நாலாவது நாள் ஸ்டாண்டில் கூட்டம் போட்டார்கள். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் டீக்கடையை ஒட்டித்தான் ஜீப் ஸ்டாண்டு. எந்த வண்டி எப்போது கிளம்புவது என்பதை ஒரு நோட்டில் முறை எழுதிவைத்து நடத்துகிறார்கள். அந்த நோட்டில் முறை இல்லாவிட்டால் வண்டி இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான். மகளின் கையிருப்பு முழுவதும் அந்த ஜீப்பில் இருந்தது. ஓட்டல் வேலையையும் விட்டிருந்தாள்.

ஸ்டாண்டுத் தலைவர் மப்ளர் கட்டிய பெரிய டிரைவர். நல்ல மனிதர். "பாருங்க ரைட்டரே, நாங்க பொம்பளைங்களுக்கு எதிரி இல்லீங்க. எங்க ஊட்லயும் பொம்பளைங்க இருக்காங்க. ஆனா முன்சீட்டு காலியாப் போனா வண்டி மூக்கத் தூக்குது. நாளைக்கு ஒண்ணு ஆயிப்போச்சுன்னா ஸ்டாண்டுக்குத்தான கெட்ட பேரு?" என்றார்.

"அப்ப யாரையாவது உக்காரச் சொல்லுங்க" என்றாள் மகள்.

"யாரும் உக்கார மாட்டேங்கறாங்களே சாமி."

"அதுக்கு நான் என்னங்க பண்றது?"

எல்லோரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள்.

"அப்பா உக்காந்தா?" என்றார் ஒருவர்.

அப்படித்தான் எனக்கு வேலை கிடைத்தது. தலைவர் நோட்டை விரித்து, வண்டி எண்ணுக்கு நேரே என் பெயரை எழுதினார்.

"அப்பா பேரு எதுக்குங்க?" என்றாள் மகள்.

"ஒரு பேரு எழுதோணுமில்ல கண்ணு."

"எம் பேரு இருக்குதே?"

"இருக்கட்டும். அது பாட்டுக்கு இருக்கட்டும்."

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம் என்பதை மறைக்க மாட்டேன். வீட்டில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிட, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து பயப்படுவது எவ்வளவோ மேல். அந்த நிம்மதிக்கு முன்னால், நோட்டில் யார் பெயர் என்பது பெரிதாகத் தெரியவில்லை.

ஆண்கள் ஏறத் தயங்கிய முன் சீட்டில் இப்போது நானும், என் பக்கத்தில் ஒரு பெரியவரும். நடுவில் அப்பா இருப்பதால் மரியாதை காப்பாற்றப்பட்டது. ஒரு வாரத்தில் பயணிகள் மகளிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள்.

"ஏனுங்க ரைட்டரே, புள்ளய அந்த வீட்டு வளவுகிட்ட நிறுத்தச் சொல்லுங்க."

நான் ஒரு முழம் தள்ளி இருக்கும் மகளிடம் திரும்பி, "கண்ணு, அந்த வளவுகிட்ட நிறுத்து" என்பேன்.

"கேட்டுச்சுப்பா" என்பாள்.

இறங்குகிறவர்கள் முன் ஜன்னலுக்கு வந்து, பெரியவரைத் தாண்டி என்னிடம், "நொம்பப் பதமாக் கூட்டிட்டு வந்தீங்க" என்று கும்பிடுவார்கள். குழியில் விழுந்தால் பின்னாலிருந்து, "ரைட்டரே, பாத்துங்க!" என்று சத்தம் வரும். நான் மன்னிப்புக் கேட்பேன். கொஞ்ச நாளில் நானும், "இன்னைக்கு மேடு கொஞ்சம் சிரமப்படுத்திருச்சுங்க" என்று சொல்ல ஆரம்பித்திருந்தேன். அதைச் சொன்னபோது மகள் என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

எனக்குக் காய்ச்சல் வந்தது. வண்டிக்கு டீசல் இருந்தது, மகள் நன்றாக இருந்தாள், ரோடு நன்றாக இருந்தது. எனக்குக் காய்ச்சல் என்பதால் வண்டி ஓடவில்லை. தொடர்ந்து மூன்று நாள் முறை விட்டால் வரிசையில் கடைசிக்குத் தள்ளிவிடுவார்கள். மூன்றாம் நாள் காலை என் மனைவி என்னைக் கம்பளியில் சுற்றி, காதில் பஞ்சு வைத்து, ஜீப்பில் ஏற்றிவிட்டாள். "நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம், உக்காந்தாப் போதும்" என்றாள். மஞ்சக்குட்டை போய்ச் சேரும் வரை நான் தூங்கிவிட்டேன். இறங்கிய ஒருவர், "காச்சலோட எப்பிடி ஓட்டறாரு பாரு மனுசன்" என்று சொல்லிக்கொண்டு போனதாக மகள் பிறகு சொன்னாள்.

மகளிர் தினத்துக்கு டவுனில் ஒரு கூட்டம் ஏற்பாடு செய்தார்கள். மலையில் பெண் ஜீப் ஓட்டுவதைப் பாராட்டி ஒரு பொன்னாடை. அதை எனக்குப் போர்த்தினார்கள். பெற்ற மகளை ஓட்ட விட்ட பெருந்தன்மைக்காக. நான் பத்து நிமிடம் பேசினேன். கைதட்டல் நன்றாகவே இருந்தது. சிறப்பு விருந்தினர்களை ஏற்றிவந்த எங்கள் ஜீப் வாசலை அடைத்து நின்றதால் மகள் வெளியே அதைத் திருப்பிக்கொண்டிருந்தாள். நான், "பெண்ணுக்கு நாம் வழிவிட வேண்டும்" என்று சொன்ன இடத்தில் வெளியே ரிவர்ஸ் ஹாரன் கேட்டது. யாரோ கதவைச் சாத்தினார்கள்.

அன்று அவள் வீட்டில் சாப்பிடும்போது கேட்டாள். "அந்தத் துணிய என்ன பண்ணப் போறீங்கப்பா?"

"உனக்குத்தான் கண்ணு" என்றேன்.

"எனக்கு வேண்டாம். சீட்டுக்குப் போட்டுக்கங்க. உங்களுக்குத்தான் இடுப்பு வலிக்குது."

அவள் கிண்டல் செய்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. போட்டுக்கொண்டேன்.

மழை முடிந்த மாதத்தில் அது நடந்தது.

காலை ஒன்பது மணி இருக்கும். பனி இறங்கி, சில்வர் ஓக் மரங்களின் இடுப்புக்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. இறக்கத்தில், ஒரு வளைவில், மரம் ஏற்றிய லாரி எதிரே வந்தது. மகள் அதை எனக்கு முன்பே பார்த்திருக்கிறாள். வேகத்தைக் குறைத்து, வண்டியை இடது ஓரத்துக்கு ஒதுக்கினாள். இடது பக்கம் பள்ளம். அவள் கண்ணுக்கு லாரி தெரிந்தது. என் கண்ணுக்குப் பள்ளம் மட்டும் தெரிந்தது. நான் கத்திக்கொண்டே கையை நீட்டி ஸ்டியரிங்கைப் பிடித்து வலது பக்கம் இழுத்தேன். லாரி பக்கம்.

அவள் முழங்கையால் என் மணிக்கட்டில் ஓங்கி அடித்தாள். கை விட்டது. ஸ்டியரிங்கை மறுபடி இடது பக்கம் ஒடித்துத் திருப்பினாள். லாரி எங்கள் கண்ணாடியைப் பிய்த்துக்கொண்டு, தார்ப்பாயை உரசிக்கொண்டு போனது. ஜீப் ஒரு மரத்துக்கு ஒரு சாண் முன்னால் நின்றது.

பின்னாலிருந்து ஒரு குரல். "ரைட்டரு புடிச்சாரு! நான் பாத்தேன்! ரைட்டரு கையப் போட்டுப் புடிச்சாரு!"

எல்லோரும் இறங்கி என் பக்கம் வந்தார்கள். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். முட்டைக்கார அம்மாள், மடியிலிருந்து சேர்வராயன் கோயில் திருநீற்றை எடுத்து என் நெற்றியில் பூசினார். வாரம் இரண்டு முறை முட்டை கொண்டுபோகிறவர், வழக்கமான பயணி. மகள் அந்தப் பக்கம் முன் சக்கரத்துக்கு அருகில், இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு நின்றாள். நான் போனேன்.

"அப்பா, நீங்க லாரிப் பக்கமா இழுத்தீங்க."

"தெரியும் கண்ணு."

"உள்ள பதினாறு பேரு."

"தெரியும்."

"இனிமே நீங்க இந்த வண்டியில ஏறக் கூடாது."

"ஏறலைன்னா உனக்கு முறை இல்லையே கண்ணு."

அவள் டயரைப் பார்க்கக் குனிந்தாள். டயருக்கு ஒன்றும் ஆகவில்லை.

அன்று இரவு எனக்கு உறக்கம் வரவில்லை என்று சொன்னால் போதாது. கண்ணை மூடினால் அந்தக் கை, என் கை, வலது பக்கம் இழுக்கிறது. இத்தனை மாதம் அவளுக்குக் காவல் என்று நான் நினைத்திருந்தது அந்தக் கையைத்தான்.

மறுநாள் காலை ஸ்டாண்டுக்குப் போனேன். செய்தி எனக்கு முன்னால் போயிருந்தது. டீ மாஸ்டர் காசு வேண்டாம் என்றார். தலைவர் எழுந்து நின்றார். நான் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். நான் பிடித்தது தப்பு, லாரிப் பக்கம் இழுத்தேன், என் கையை அடித்து வண்டியைக் காப்பாற்றியது என் மகள்.

தலைவருக்குக் கண் கலங்கிவிட்டது. "பெரிய மனுசன் பேச்சப் பாருங்கப்பா" என்றார்.

"இல்லீங்க, நெசமாச் சொல்றேன்."

"புள்ளைக்குப் பேரு வரட்டும்னு சொல்றாரு. தகப்பன் மனசு" என்றார் இன்னொரு டிரைவர்.

"சேர்வராயன் மேல ஆணையாச் சொல்றேனுங்க."

"இதுக்கெல்லாம் சாமியக் கூப்பிடாதீங்க ரைட்டரே."

சொல்லச் சொல்ல நான் உயர்ந்துகொண்டே போனேன். தலைவர் நோட்டை எடுத்து அங்கேயே ஒரு புது விதி எழுதினார். இனிமேல் இந்த ஸ்டாண்டில் எந்தப் பெண் வண்டி ஓட்டினாலும் பக்கத்தில் அப்பா இருந்தாக வேண்டும். அப்பா இல்லாதவர்களுக்குச் சித்தப்பா. வேறு பெண் டிரைவர் யாரும் அங்கே இல்லை. ஆனாலும் சித்தப்பாவுக்குப் பதில் தாய்மாமன் ஆகலாமா என்று அரை மணி நேரம் பேசினார்கள். மகள் ஜீப்பில் சாய்ந்து நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை நான் எஸ்டேட்டில் பார்த்திருக்கிறேன். கைமாறிய அன்று கண்ணாடியில்.

"எனக்கு வண்டி ஓட்டவே தெரியாதுங்க" என்று கத்தினேன்.

எல்லோரும் சிரித்தார்கள்.

நான் மகளிடம் போய்ச் சாவியைக் கேட்டேன். அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு சாவியைக் கையில் வைத்துவிட்டு, டீக்கடைப் பக்கம் திரும்பி, "எல்லாரும் எந்திரிங்க. பெஞ்ச விட்டு எந்திரிங்க. நொம்பத் தள்ளிப் போயிருங்க" என்றாள். அவள் சொல்லி அவர்கள் கேட்டது அதுதான் முதல் தடவை. டம்ளரோடு எழுந்து போனார்கள்.

டிரைவர் சீட்டில் ஏறினேன். மலையில் வண்டியை நிறுத்தும்போது கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து நிறுத்துவார்கள். அது எனக்குத் தெரியாது. சாவியை முழுக்கத் திருப்பினேன். ஜீப் கல்லின் மேல் ஏறிக் குதித்தது. நான் எதையோ பிடித்தேன், வைப்பர் ஓடியது. வேறு எதையோ மிதித்தேன், வண்டி இன்னொரு தடவை குதித்து டீக்கடை பெஞ்சின் மேல் ஏறி, அதை இரண்டாக உடைத்து, உறுமி அணைந்தது. வைப்பர் மட்டும் மழையில்லாத கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தது. அதை எப்படி நிறுத்துவது என்றும் எனக்குத் தெரியவில்லை.

வண்டிக்குக் காத்திருந்த கூட்டத்திலிருந்து முட்டைக்கார அம்மாள்தான் முதலில் பேசினார்.

"அடப் பாவி மனுசா! இந்தக் கைய நம்பியா இத்தன நாளு ஏறுனோம்?"

"நேத்து ஸ்டியரிங்கப் புடிச்சது இந்தக் கைதானுங்களே?" என்றார் இன்னொருவர். எல்லோரும் என் கையைப் பார்த்தார்கள். சிலர் ஓரடி பின்னால் போனார்கள்.

"அப்ப நிறுத்துனது யாரு?" என்றார் அம்மாள்.

நான் சொன்னதையெல்லாம் நம்பாதவர்கள், இப்போது தாங்களாகவே திரும்பி மகளைப் பார்த்தார்கள். அவள் குனிந்து பம்பரைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தானுங்க. எப்பவும் நான்தானுங்க ஓட்டறேன்" என்றாள், நிமிராமலே.

தலைவர் வெகுநேரம் நோட்டைப் பார்த்தார். பயணிகள் பாதுகாப்புத்தான் முக்கியம் என்றார். எழுதிய விதியை அடித்துவிட்டு, ஓட்டத் தெரியாதவர் எவரும் டிரைவருக்குப் பக்கத்தில் உட்காரக் கூடாது என்று எழுதினார். அப்படிப் பார்த்தால் மஞ்சக்குட்டையில் பாதிப் பேர் உட்கார முடியாது என்று ஒருவர் சொன்னார். அதையும் அடித்து, "ரைட்டர் மட்டும் உட்காரக் கூடாது" என்று எழுதினார். நான்தான் கையெழுத்துப் போட்டேன். பிறகு வண்டி எண்ணுக்கு நேரே இருந்த என் பெயரைக் கோடு போட்டு அடித்தார். மகள் பேனாவை வாங்கித் தன் பெயரைத் தானே எழுதினாள்.

முன் சீட்டு மறுபடி காலி. எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முட்டைக்கார அம்மாள் கூடையைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டு, கதவுக் கம்பியைப் பிடித்து ஏறி உட்கார்ந்தார்.

"ஏனுங்கம்மா, அது ஆம்பளைங்க சீட்டுன்னு நீங்கதான சொன்னீங்க?" என்றார் கரடியூர்க்காரர்.

"பத்து வருசமா முட்டி வலிங்க எனக்கு. பின்னாடி ஏற முடியல."

"முன்னமே சொல்றதுக்கென்ன?"

"யாரு கேட்டீங்க?"

இன்னொரு பெண்ணும் அவர் பக்கத்தில் ஏறினார். வழக்கமாக முன்னால் உட்காரும் பெரியவர் வந்து, தன் இடம் அது என்று முனகினார். "பின்னாடி எடம் இருக்குதுங்க" என்றாள் மகள். கிளம்பும் நேரத்தில் என்னைப் பார்த்தாள். நானும் வரட்டுமா என்று கேட்க வாயெடுத்தேன்.

"நெறஞ்சிருச்சுப்பா" என்று சொல்லிவிட்டுக் கியரைப் போட்டாள்.

"ரைட்டரே, பெஞ்சு?" என்றார் டீ மாஸ்டர்.

அன்று முழுவதும் உடைந்த பெஞ்சை வைத்து ஆணி அடித்துக்கொண்டிருந்தேன். பனி இறங்கியபோது சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுச் சாலையைப் பார்த்தேன். லாரிச் சத்தம் கேட்டபோதெல்லாம் எழுந்து நின்றேன். வண்டி வந்தது, போனது, மறுபடி வந்தது. "கண்ணு, தண்ணித்தொட்டிகிட்ட நிறுத்து சாமி" என்று யாரோ நேராக அவளிடம் சொன்னது டீக்கடை வரை கேட்டது.

சாயங்காலம் கடைசி முறைக்கு முன்னால் அவள் டீ குடிக்க வந்தாள். நான் செய்த பெஞ்சில் உட்கார்ந்து, இப்படியும் அப்படியும் அசைத்துப் பார்த்தாள்.

"ஆடுதுப்பா" என்றாள். எழுந்து நின்றே டீயைக் குடித்தாள். தலைவர் நோட்டைப் பார்த்து அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். டம்ளரை வைத்துவிட்டுப் போனாள். நான் பெஞ்சைக் கவிழ்த்துப் போட்டு, எந்தக் கால் குட்டை என்று பார்க்க ஆரம்பித்தேன்.